சங்கு உடைஞ்சது கடைசியிலதான்

1/
'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலைப் பற்றி ஒரு நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது படிங்க. கதையை முடிவு வரைக்கும் சொல்லித்தான் பேசப் போறேன். புத்தகத்தை முதல்ல படிக்கணும்னு நினைக்கிறவங்க இதை சேவ் பண்ணி வெச்சுட்டு அப்புறமா வாங்க.

நான் இலக்கிய விமர்சகன் கிடையாது. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ் டாக்டர். அதனால என் கண்ணுக்கு இந்தக் கதையில் முதல்ல படுறது தண்ணீர், கக்கூஸ், பேரு எழுதுற நோட்டு, இந்த மாதிரி விஷயங்கள்தான். அதை வெச்சே பேசுறேன்.

இந்த நாவல் பேச்சு வந்தாலே பெரும்பாலானவங்க சொல்ற பாடம் ஒண்ணுதான். "மனுஷன் உள்ளுக்குள்ள மிருகம். போலீஸ், கோர்ட், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் எடுத்துட்டா ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்கிட்டுச் சாவான்." அதோட நிற்காது. அடுத்த வரியும் தயாரா இருக்கும். "அதனாலதான் இரும்புக்கரம் வேணும். ஓட்டு, மீட்டிங், பேச்சுவார்த்தை எல்லாம் நல்ல காலத்துக்குத்தான் சரிப்படும்."

முதல் வரியைப் பற்றி விவாதம் பண்ணலாம். இரண்டாவது வரி அந்தப் புத்தகத்துக்கே எதிரானது. ஏன்னா அந்தத் தீவில் கொலை ஆரம்பிக்கிறதே இரும்புக்கரம் வந்த பிறகுதான்.

2/
கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா.

எழுதியவர் வில்லியம் கோல்டிங். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். 1954ல் இந்த நாவல் வந்தது. 1983ல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைச்சது.

ஏதோ ஒரு பெரிய போர் நடக்குது. இங்கிலாந்திலிருந்து பாதுகாப்புக்காக அழைச்சுட்டுப் போகப்பட்ட பள்ளிப் பையன்களோட விமானம் ஆளில்லாத ஒரு தீவில் விழுது. பெரியவங்க ஒருத்தர்கூடப் பிழைக்கல. பிழைச்சது பையன்கள் மட்டும். சின்னவங்களுக்கு ஆறு வயசு இருக்கும், பெரியவங்களுக்குப் பன்னிரண்டு.

ரால்ஃப் என்ற பையன் கடலோரத்தில் ஒரு பெரிய சங்கைப் பார்க்கிறான். அதை ஊதினா சத்தம் வரும்னு சொல்லித் தர்றது பிக்கி. குண்டான பையன், ஆஸ்துமா நோயாளி, கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. சங்கு சத்தம் கேட்டு எல்லாரும் கூடுறாங்க. அங்கேயே கை தூக்கித் தேர்தல் நடக்குது. ரால்ஃப் தலைவன் ஆகிறான். சங்கு யார் கையில் இருக்கோ அவங்கதான் பேசணும், மத்தவங்க கேட்கணும் என்பது சட்டம்.

தோத்துப் போனவன் ஜாக். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவன். கறுப்பு அங்கி போட்ட பையன்களை வெயிலில் வரிசையா நடத்திக்கிட்டு வர்றவன். கடைசியில் இந்த ஜாக்கோட கூட்டம்தான் முகத்தில் சாயம் பூசிக்கிட்டு, ஈட்டி எடுத்துக்கிட்டு, இரண்டு பேரைக் கொன்னுட்டு, மூணாவதா ரால்ஃபை வேட்டையாடத் துரத்துது.

நடுவில் என்ன நடந்தது? அதுதான் விஷயம்.

3/
தேர்தல் முடிஞ்ச அந்த நிமிஷத்துக்கே போவோம்.

ஜாக் முகம் அவமானத்தில் சிவந்துபோச்சு. ரால்ஃபுக்குப் பாவமா இருக்கு. ஏதாவது கொடுத்துச் சமாதானப்படுத்தணும்னு நினைக்கிறான். "பாடகர் குழு உன்னோடதுதான், அவங்களை என்ன பண்ணணும்னு நீயே சொல்லு" என்கிற மாதிரி விட்டுடறான். ஜாக் யோசிச்சுட்டு, அவங்க வேட்டைக்காரங்களா இருக்கட்டும் என்கிறான்.

பார்க்கப் பெருந்தன்மையா இருக்கு. ஆனா என்ன நடந்திருக்குன்னு பாருங்க. தீவில் கத்தியும் ஈட்டியும் வெச்சிருக்கப்போற ஒரே பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவனுக்குக் கட்டுப்படாம தோத்துப்போன வேட்பாளருக்குக் கட்டுப்படுது. அந்தப் பையன்கள் விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே ஜாக் சொல்படி நடந்து பழகினவங்க. சங்கு வந்த பிறகும் அது மாறல.

ஜனநாயகம்னா தலைவன் நல்லவனா இருந்தாப் போதும்னு நினைக்கிறவங்க இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கணும். ரால்ஃப் நல்லவன்தான். அந்த நல்ல மனசுதான் முதல் நாளே இந்த ஏற்பாட்டைச் செஞ்சது.

4/
அடுத்தது பேரு எழுதுற நோட்டு.

முதல் கூட்டத்துக்குப் பையன்கள் வந்துகிட்டே இருக்கும்போது பிக்கி ஒருத்தன்தான் எல்லார்கிட்டயும் போய்ப் பேரு கேட்கிறான். யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. அவன் குண்டா இருக்கான், மூச்சு வாங்குறான், பேச்சு வேற மாதிரி இருக்கு. சிரிக்கிறாங்க. சின்னப் பசங்க ஓடிட்டாங்க. கணக்கு எடுக்கவே இல்லை.

அன்னைக்கே மலை உச்சியில் கப்பலுக்கு அடையாளம் காட்டத் தீ மூட்டுறாங்க. உற்சாகத்தில் தீ கட்டுக்கடங்காம காட்டுக்குள் பரவுது. அப்போதான் பிக்கி கேட்கிறான், முகத்தில் மச்சம் இருந்த அந்தச் சின்னப் பையன் எங்கே?

யாருக்கும் தெரியல. கடைசி வரைக்கும் தெரியல. மொத்தம் எத்தனை பேர் இருந்தாங்கன்னே தெரியாதபோது எத்தனை பேர் குறைஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்?

ஒரு ஊரில் காலராவோ டெங்குவோ வந்தா நாங்க முதல்ல செய்யறது மருந்து கொடுக்கிறது மட்டும் இல்லீங்க. லிஸ்ட் எடுக்கிறது. பேரு, வயசு, வீடு, எந்தத் தேதியில் காய்ச்சல் ஆரம்பிச்சது. பார்க்கிறவங்களுக்கு வெறும் குமாஸ்தா வேலை மாதிரி தெரியும். ஆனா அந்த லிஸ்ட் இல்லைன்னா யார் விட்டுப்போனாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. விட்டுப்போறவங்க பெரும்பாலும் தானா வந்து கேட்கத் தெரியாதவங்களாத்தான் இருப்பாங்க.

அந்தத் தீவின் முதல் சாவுக்கு யாரும் ஈட்டி தூக்கல. கணக்கு எடுக்கல, அவ்வளவுதான். ரால்ஃப் ஆட்சி, ஜாக் ஆட்சி எல்லாம் பிரியறதுக்கு முன்னாடி நடந்த சாவு அது. அதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசலை என்பது அதைவிட மோசம்.

5/
சில வாரங்கள் கழிச்சு ஒரு சாயங்காலம் ரால்ஃப் கூட்டம் போடுறான். நாவலில் எனக்குப் பிடிச்ச இடம் இது. ஏன்னா அவன் பேசுறது முழுக்க பொது சுகாதாரம்.

ஒண்ணு, தண்ணீர். ஓடையிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் நல்ல தண்ணீர் கொண்டு வந்து வைக்கணும்னு முடிவு பண்ணினோம். இரண்டு நாள் நடந்தது. இப்போ சிரட்டை காலியா இருக்கு.

இரண்டு, குடிசை. முதல் குடிசையை எல்லாரும் சேர்ந்து கட்டினோம். இரண்டாவதுக்கு ஆள் குறைஞ்சது. மூணாவதை நானும் சைமனும் மட்டும் கட்டினோம். அதான் ஆடுது.

மூணு, கக்கூஸ். குளிக்கிற இடத்தைத் தாண்டி இருக்கிற பாறைப் பக்கம் போகணும்னு சொன்னோம். அங்கே அலை வந்து கழுவிட்டுப் போகும். இப்போ எல்லாரும் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போறாங்க, பழ மரத்துப் பக்கம்கூட.

நாலு, தீ. புகை இல்லைன்னா எந்தக் கப்பலும் நம்மைப் பார்க்காது.

மூணாவது பாயிண்ட் வந்ததும் கூட்டத்தில் என்ன நடக்குது தெரியுமா? சிரிக்கிறாங்க. அதே தீவில் சின்னப் பசங்களுக்கு ஓயாத வயிற்றுவலி, வயிற்றுப்போக்குன்னு கோல்டிங் ஏற்கெனவே எழுதியிருக்கார். அந்த இரண்டையும் முடிச்சுப் போட அங்கே பெரியவங்க யாரும் இல்லை.

கவனிங்க, இந்த நாலு முடிவுமே கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கிட்ட முடிவு. ஜாக் வந்து எதையும் தடுக்கல. யாரும் எதிர்த்து ஓட்டுப் போடல. ஓட்டுப் போட்ட அதே கைகள் அடுத்த நாள் சிரட்டையைத் தூக்கல. அவ்வளவுதான் நடந்தது.

கை தூக்க ஒரு நொடி போதும். தண்ணீர் தினமும் கொண்டு வரணும். தினமும் செய்யற வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது. பன்றியைக் கொன்னு தோளில் தூக்கிட்டு வந்தா எல்லாரும் கத்துவாங்க, ஆடுவாங்க. தண்ணீர்ச் சிரட்டையைத் தூக்கிட்டு வந்தவனைப் பார்த்து யாரு ஆடினாங்க?

6/
இதுக்கு விலை என்னன்னு கதை சீக்கிரமே காட்டுது.

ஒருநாள் தூரத்தில் ஒரு கப்பல் போகுது. ரால்ஃப் மலையைப் பார்க்கிறான், புகை இல்லை. மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தா தீ அணைஞ்சு கிடக்கு. காவல் பார்க்க வேண்டிய இரட்டையர்களையும் ஜாக் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். கப்பல் போயிடுச்சு. அதே நேரம் வேட்டைக்காரங்க முதல் பன்றியைத் தூக்கிட்டு ஊர்வலமா வர்றாங்க.

பிக்கி கேள்வி கேட்கிறான். ஜாக் அவனை அடிக்கிறான். கண்ணாடியில் ஒரு சில்லு உடையுது.

அப்புறம் ஜாக் தீ அணைஞ்சதுக்கு மன்னிப்பு கேட்கிறான். கூட்டத்துக்கு அவன் மேல மரியாதை கூடிடுது. எல்லாரும் கறி சாப்பிடுறாங்க. ரால்ஃபும் சாப்பிடுறான். ஜாக்கோட பலம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா பாதி பதில் இங்கேதான் இருக்கு. அவன் கொடுத்தது உடனே கைக்கு வந்தது, வாய்க்கு ருசியா இருந்தது. ரால்ஃப் கேட்டது என்னைக்கோ வரப்போற ஒரு கப்பலுக்காக இன்னைக்குப் புகையில் கண் எரிய உட்காரச் சொல்றது.

எங்க தொழிலிலும் இதே கதைதான். தடுப்பூசியால வராம போன நோயை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அதனால நன்றி சொல்லவும் தோணாது.

(இடையில ஒரு குட்டித் தகவல். பிக்கிக்குக் கிட்டப்பார்வைன்னு கதை சொல்லுது. கிட்டப்பார்வைக்குப் போடறது குழிவில்லை. அது வெளிச்சத்தை விரிக்கும், குவிக்காது. அதை வெச்சுச் சூரிய வெளிச்சத்தில் தீ மூட்டவே முடியாது. கோல்டிங் பண்ணின இந்தச் சறுக்கல் ரொம்பப் பிரபலம். கதைக்காக மன்னிச்சுடலாம்.)

7/
மீதிப் பாதி பதில் பயம்.

மச்சம் இருந்த பையன் முதல் நாளே சொன்னான், காட்டில் பாம்பு மாதிரி ஒரு மிருகம் இருக்குன்னு. மிருகம் பற்றி முதல்ல பேசினவனும் அவன்தான், முதல்ல காணாம போனவனும் அவன்தான்.

அதுக்கு இரண்டு பேர் இரண்டு விதமா பதில் சொன்னாங்க. ரால்ஃப், "மிருகம்னு ஒண்ணு கிடையாது" என்கிறான். திரும்பத் திரும்ப அதையே சொல்றான். ஜாக், "கிடையாது. ஆனா இருந்தா வேட்டையாடிக் கொன்னுடுவோம்" என்கிறான்.

ரால்ஃப் சொன்னதுதான் உண்மை. ஆனா பயந்துபோன ஒரு ஆறு வயசுக் குழந்தைக்கு எது ஆறுதல்? நெஞ்சு வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட தொட்டுக்கூடப் பார்க்காம "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு சொன்னா அவங்க எங்கே போவாங்க? "இதுக்கு என்கிட்ட மருந்து இருக்கு"ன்னு சொல்ற போலி டாக்டர்கிட்ட போவாங்க. ஒண்ணும் இல்லைங்கறது உண்மையாவே இருந்தாலும், பரிசோதனை பண்ணின பிறகு சொல்லணும்.

பகலில், எல்லாரையும் கூட்டிக்கிட்டு, சின்னவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, தீவு முழுக்க ஒரு சுற்று நடந்து காட்டியிருக்கலாம். அது நடக்கல. அதுக்குப் பதிலா இருட்டின பிறகு கூட்டத்தில் ரால்ஃப் ஒரு ஓட்டெடுப்பு நடத்துறான். பேய் இருக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னு கேட்கிறான். இருட்டில் நிறையக் கைகள் தூக்குது.

தலைவன் யாருன்னு ஓட்டுப் போடலாம். தீ எங்கே மூட்டணும், யாரு காவல் இருக்கணும்னு ஓட்டுப் போடலாம். பேய் இருக்கா இல்லையான்னு ஓட்டுப் போடக் கூடாது. போய்ப் பார்க்கணும். நோயாளிக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு வார்டில் கை தூக்கச் சொல்லி முடிவு பண்ண முடியுமா? ரத்தம் எடுத்துத்தான் பார்க்கணும். உண்மை எதுன்னு பெரும்பான்மை முடிவு பண்ண ஆரம்பிச்ச இடத்தில் அந்தக் கூட்டம் கைவிட்டுப் போயிடுது. ஜாக் சட்டமாவது மண்ணாங்கட்டியாவதுன்னு கத்திட்டுக் கூட்டத்தையே கலைச்சு இழுத்துட்டு ஓடறான்.

பிக்கி, சங்கை ஊது, அவங்களைத் திரும்பக் கூப்பிடு என்கிறான். ரால்ஃப் ஊதலை. ஊதியும் அவங்க வரலைன்னா எல்லாமே முடிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியும்.

சங்கு உடைஞ்சது கடைசியிலதான். ஆனா அதை ஊதப் பயந்த அன்னைக்கே அது பாதி வெறும் ஓடு ஆயிடுச்சு.

8/
இப்போ நிறையப் பேர் மறந்துபோற ஒரு உண்மை. ஜாக் ஒரு ஓட்டெடுப்பிலும் ஜெயிக்கவே இல்லை.

மலை உச்சியில் பாராசூட்டில் இறங்கிச் செத்துப்போன ஒரு போர் விமானியோட உடல் மாட்டிக்கிட்டிருக்கு. காற்றில் அது எழுந்து உட்காருது. இருட்டில் பார்த்த பையன்கள் அதுதான் மிருகம்னு நம்பிடறாங்க. போய்ப் பார்த்த ரால்ஃபும் ஜாக்கும்கூட இருட்டில் போய் இருட்டிலேயே ஓடி வந்துட்டாங்க.

மறுநாள் ஜாக்கே சங்கை எடுத்துக் கூட்டம் கூட்டுறான். ரால்ஃப் கோழை, அவன் தலைவனா இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க என்கிறான். ஒரு கைகூடத் தூக்கல. இன்னொரு தடவை கேட்கிறான். அப்பவும் இல்லை. ஜாக் அழுதுக்கிட்டே தனியா போயிடறான்.

ஜனநாயகம் ஜெயிச்சது, இல்லையா? அன்னைக்கு முடியறதுக்குள்ள பெரிய பையன்கள் ஒவ்வொருத்தரா சத்தமில்லாம நழுவி ஜாக்கிட்ட போயிட்டாங்க. எல்லார் முன்னாடியும் கை தூக்க வெட்கம். யாரும் பார்க்காதபோது நடந்து போக வெட்கம் இல்லை.

சர்வாதிகாரம்னா யாரோ ஒருத்தர் வந்து பிடுங்கறதுன்னுதான் நாம கற்பனை பண்றோம். இந்தக் கதையில் யாரும் எதையும் பிடுங்கல. ஆட்கள் எழுந்து போனாங்க. கறி வாசனை வந்த பக்கம் போனாங்க.

9/
ஜாக் விருந்து வைக்கிறான். ரால்ஃபும் பிக்கியும்கூடப் போய்ச் சாப்பிடுறாங்க. வானம் கறுத்துக்கிட்டு வருது.

ரால்ஃப் ஒரு கேள்வி கேட்கிறான். மழை வரப்போகுது, உங்க குடிசை எங்கே? இப்போ என்ன பண்ணப் போறீங்க?

வேட்டைக்காரங்க வானத்தைப் பார்த்து முழிக்கிறாங்க. ஜாக்கிட்ட பதில் இல்லை. பதில் இல்லாத ஜாக் என்ன சொல்றான் தெரியுமா? ஆடுங்க. எல்லாரும் நம்ம ஆட்டத்தை ஆடுங்க.

நாவல் முழுக்க எனக்கு இதைவிட அரசியலா ஒரு இடம் தோணலை. கூரை எங்கேன்னு கேட்டா ஆட்டம் பதிலா வருது. ஆடும்போது பயம் தெரியாது, மழையும் தெரியாது.

அந்த ஆட்டத்துக்கு நடுவில்தான் சைமன் காட்டிலிருந்து தவழ்ந்து வர்றான். அடிக்கடி மயங்கி விழற பையன். அவன் ஒருத்தன்தான் தனியா, பகலில் மலை ஏறி அந்த "மிருகம்" செத்துப்போன மனுஷன்னு கிட்டப் போய்ப் பார்த்தவன். கயிற்றை விடுவிச்சுட்டு, அதைச் சொல்லத்தான் வர்றான். அவனையே மிருகம்னு நினைச்சு எல்லாரும் சேர்ந்து கொன்னுடறாங்க. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ரால்ஃபும் பிக்கியும் இருந்தாங்க.

பரிசோதனை ரிப்போர்ட் கொண்டு வந்தவனைக் கொன்னாச்சு.

மறுநாள் பிக்கி, அது விபத்து என்கிறான். நாங்க சீக்கிரமே கிளம்பிட்டோம், ஒண்ணும் பார்க்கல என்கிறாங்க. ஜாக் அவனோட ஆட்கள்கிட்ட, மிருகம் வேஷம் போட்டுக்கிட்டு வந்தது, அதைக் கொல்லவே முடியாது என்கிறான். கவனிச்சீங்களா? கொன்னுடுவேன்னு சொல்லித்தான் ஆள் சேர்த்தான். இப்போ கொல்ல முடியாது என்கிறான். மிருகம் செத்துட்டா அப்புறம் ஜாக் எதுக்கு?

10/
ரோஜர்னு ஒரு பையன். ஆரம்பத்தில் கடலோரத்தில் விளையாடுற ஒரு சின்னப் பையன் மேல கல் எறியறான். ஆனா குறி தவற மாதிரியே எறியறான். அப்பா, அம்மா, பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து போட்ட ஒரு வட்டம் அந்தப் பையனைச் சுற்றி இன்னும் இருக்கு. ரோஜரோட கைக்கு அது தெரியுது.

அதே ரோஜர்தான் கடைசியில் பாறையை நெம்பித் தள்ளுறான். பிக்கி சாகுறான். அவன் கையில் இருந்த சங்கு தூள் தூளாகுது.

அதுக்கு முன்னாடி ஜாக் கூட்டம் ராத்திரியில் வந்து பிக்கியோட கண்ணாடியைத் திருடிட்டுப் போனாங்க. சங்குக்காகத்தான் வந்திருப்பாங்கன்னு பிக்கி நினைச்சான். சங்கை அவங்க தொடவே இல்லை. அவங்களுக்கு அது தேவையே இல்லாத பொருள் ஆயிடுச்சு.

ஒரே நாளில் யாரும் காட்டுமிராண்டி ஆகறதில்லை. முதல் கல் தள்ளி விழும்போது யாராவது ஒருத்தர் "டேய், என்ன பண்றே?"ன்னு கேட்டிருக்கணும்.

ரால்ஃபைப் பிடிக்கக் காட்டுக்கே தீ வைக்கிறாங்க. அந்தப் புகையைப் பார்த்துதான் கப்பல் வருது. காப்பாத்த மூட்டின தீயை யாரும் காவல் காக்கல. கொல்ல மூட்டின தீ காப்பாத்திச்சு. வந்து நிற்கிற கடற்படை அதிகாரி, பிரிட்டிஷ் பையன்கள் இன்னும் ஒழுங்கா நடந்திருக்கலாமேன்னு வருத்தப்படறார். அவர் இறங்கி வந்ததே ஒரு போர்க்கப்பலிலிருந்துதான்.

11/
கோல்டிங் இதை எழுதினது மனுஷனோட இயல்பிலேயே குறை இருக்குன்னு காட்டத்தான். அதை அவரே சொல்லியிருக்கார். இரண்டாம் உலகப் போரைக் கண்ணால் பார்த்தவர். அவர் நம்பிக்கை இழந்ததுக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனா அது கற்பனைக் கதை. நிஜத்தில் பையன்கள் தனித் தீவில் மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?

ஒரு தடவை நடந்திருக்கு. 1965ல் பசிபிக் கடலில் உள்ள டோங்கா நாட்டில் விடுதியில் தங்கிப் படிச்ச ஆறு பையன்கள், பள்ளிக்கூடம் அலுத்துப்போய் ஒரு படகைத் திருடிக்கிட்டுக் கிளம்பினாங்க. புயலில் பாய் கிழிஞ்சு, சுக்கான் உடைஞ்சு, எட்டு நாள் மிதந்து 'அட்டா' என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினாங்க. சுமார் 15 மாசம் அங்கேயே இருந்தாங்க. 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியப் படகோட்டி அவங்களைக் கண்டுபிடிச்சார். வீட்டில் ஏற்கெனவே இறுதிச் சடங்கே முடிச்சிருந்தாங்க.

ஆறு பேரும் உயிரோட இருந்தாங்க. ஆரோக்கியமா இருந்தாங்க.

எப்படி? இரண்டு இரண்டு பேரா பிரிஞ்சு தோட்டம், சமையல், காவல்னு முறை வெச்சுக்கிட்டாங்க. மரத்தைக் குடைஞ்சு மழைத்தண்ணீர் சேர்த்தாங்க. மூட்டின தீயை ஒரு வருஷத்துக்கு மேல அணையவே விடல. சண்டை வராமலா இருந்தது? வந்தது. சண்டை போட்ட இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்க் கோபம் ஆறினதும் வரணும் என்பது ஏற்பாடு.

ஒருத்தன் பாறையிலிருந்து விழுந்து கால் உடைஞ்சுபோச்சு. மத்தவங்க குச்சியையும் இலையையும் வெச்சுக் கட்டுப் போட்டாங்க. அவன் படுத்திருந்த நாளெல்லாம் அவனோட வேலையையும் இவங்களே செஞ்சாங்க. பின்னாடி பரிசோதிச்ச டாக்டர், எலும்பு இவ்வளவு நேரா கூடியிருக்கேன்னு அசந்துபோனாராம். எலும்பு நேரா கூடணும்னா அவன் வாரக்கணக்கில் அசையாம இருக்கணும். அசையாம இருக்கணும்னா யாராவது அவனுக்குச் சோறும் தண்ணியும் கொண்டு வந்து கொடுத்துக்கிட்டே இருக்கணும். ஒரு டாக்டரா எனக்கு அந்த எலும்பே ஒரு சாட்சி.

12/
நியாயமா பேசணும்னா இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. டோங்கா பையன்கள் ஆறு பேர்தான். வயசில் கொஞ்சம் பெரியவங்க. ஏற்கெனவே நண்பர்கள். கோல்டிங்கோட தீவில் கூட்டம் பெருசு, பாதிப் பேர் ஆறு வயசுக் குழந்தைகள், ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒரு நிஜச் சம்பவம் ஒரு நாவலைப் பொய்யாக்கிடாது. மனுஷன் எல்லாரும் தங்கம்னு சொல்லவும் நான் வரலை. வரலாறு அப்படிச் சொல்லல.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். இரண்டு தீவிலும் பையன்கள்தான் இருந்தாங்க, இரண்டு தீவிலும் பயம் இருந்தது, சண்டை இருந்தது. ஒரு தீவில் தீ அணையல. இன்னொண்ணில் அணைஞ்சது. தீயை அணையாம பார்த்துக்கிட்டது யாரோட இயல்பும் இல்லை. இன்னைக்கு யாரு முறைன்னு தெரிஞ்சிருந்தது, அந்த ஆள் வந்தான்.

கோல்டிங் கதையைச் சொல்லி யாராவது உங்ககிட்ட "அதனாலதான் இரும்புக்கரம் வேணும்"னு சொன்னா, அவங்ககிட்ட கேளுங்க. அந்தத் தீவில் இரும்புக்கரம் வந்த பிறகு குடிசை கட்டினாங்களா? தண்ணீர் வந்ததா? சின்னப் பசங்களை யாராவது எண்ணினாங்களா? ஜாக் தன்னோட ஆளான வில்ஃப்ரெட்னு ஒரு பையனையே கட்டி வெச்சு அடிக்கிறான். எதுக்குன்னு அடி வாங்கறவனுக்கும் தெரியல, பார்க்கிறவங்களுக்கும் தெரியல. ஒழுங்குன்னு வாக்குக் கொடுத்த இடத்தில் கிடைச்சது அதுதான்.

இது எல்லாம் தலைவர்களுக்கு மட்டும் சொல்ற பாடம்னு நினைச்சுடாதீங்க. நீங்க இருக்கிற அபார்ட்மெண்ட் சங்கமா இருக்கலாம், ஆபீஸா இருக்கலாம், நாடா இருக்கலாம். ஓட்டுப் போட்டுட்டு வீட்டுக்கு வந்த பிறகு நாலு கேள்வி பாக்கி இருக்கு. எல்லாரையும் எண்ணியாச்சா, யாராவது விட்டுப்போச்சா? ஒத்துக்கிட்ட வேலையில் இன்னைக்கு என் முறை எது? பயமுறுத்துற விஷயத்தை யாராவது பகலில் போய்ப் பார்த்தாங்களா? கூரை எங்கேன்னு கேட்டவனுக்குப் பதில் வந்ததா, ஆட்டம் வந்ததா?

புத்தகம் சின்னதுதான். பீட்டர் புரூக் எடுத்த 1963 படமும் இருக்கு, கறுப்பு வெள்ளை. புத்தகத்தை முதல்ல படிங்க. படிக்கும்போது ஜாக்கை மட்டும் பார்க்காதீங்க. தண்ணீர்ச் சிரட்டை எப்போ காலியாகுதுன்னு பாருங்க.